எஞ்சினைப் பழிக்குமுன் எண்ணெய் வழியைப் பாருங்கள்



சென்ற திங்கள் இப்பகுதியில் தையல் எந்திரத்தைத் துப்புரவு செய்து எண்ணெயிடும் முறையைக் கண்டோம். அதைப் படித்த கடற்கரைப் பங்குகளைச் சேர்ந்த அன்பர் சிலர், "எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது தையல் எந்திரத்தால் அன்று, வள்ளத்தின் பின்புறம் தொங்கும் எஞ்சினால். அதைப் பற்றியும் எழுதலாகாதா?" என்று கேட்டிருக்கின்றனர். நியாயமான கேள்வி. ஆகவே இம்மாதம் பழைய அவுட்போர்டு எஞ்சின்களைப் பற்றியும், அவற்றுள் அடிக்கடி நேரும் எரிபொருள் கோளாறுகளைப் பற்றியும் காண்போம்.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலையில், கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் தம் தாயாருடன் என் இல்லத்திற்கு வந்தார். ஆட்டோவில் சாக்கு சுற்றி ஓர் எஞ்சினைக் கொண்டு வந்திருந்தனர். அது 1987ஆம் ஆண்டு அவருடைய தந்தை கடன்பட்டு வாங்கிய, மண்ணெண்ணெயில் ஓடும் 8 குதிரைத்திறன் எஞ்சின். தந்தை இறந்தபின் நான்கு ஆண்டுகள் அது ஓலைக் கொட்டகையில் தொங்கிக் கிடந்தது. வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிய மகன் அதைத் துடைத்து, புதிய எண்ணெய் ஊற்றி, கரையில் ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது. மறுநாளே தம் பெரியப்பாவுடன் கடலுக்குச் சென்றார். ஆடி மாதம். அலைவாயைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. காற்றோ தென்மேற்கிலிருந்து ஓங்கி அடிக்கிறது. நீரோட்டமோ பாறைப் பக்கம் இழுக்கிறது. வள்ளத்தில் இரண்டு துடுப்புகளை எடுத்து வைத்திருந்த பெரியப்பாவின் முன்யோசனையால் இருவரும் உயிரோடு கரை சேர்ந்தனர்.

அதன்பின் எஞ்சினைப் பார்த்த ஒரு மெக்கானிக், "பிஸ்டன் போயிற்று, இனி எடைக்குத்தான் போடவேண்டும்" என்று கூறிவிட்டாராம்.

"வாத்தியாரே, இது இவன் அப்பா கை பட்ட பொருளு. வித்துப்போடலாம்னு சொல்லுதான். நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார் அந்தத் தாய்.

நான் மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "தம்பி, எஞ்சின் திடீரென்று நின்றதா? மெல்லச் சோர்ந்து நின்றதா?"

"மெல்லத்தான் சார். மூச்சு முட்டுன மாதிரி இழுத்து இழுத்து நின்னுட்டு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கயிற இழுத்தா எடுக்கும். ரெண்டு நிமிஷத்துல மறுபடி நின்னுரும்."

பாதி விடை அவருடைய சொல்லிலேயே இருந்தது. மின்பொறி அற்றுப்போனால் எஞ்சின் பெரும்பாலும் விளக்கை அணைத்தாற்போல் சட்டென நிற்கும். பிஸ்டன் இறுகிப்போனால் கயிறே இழுபடாது. மெல்லச் சோர்ந்து நின்று, இளைப்பாறியபின் மீண்டும் எழும் எஞ்சின், பசியால் வாடும் எஞ்சின்! அதற்கு வேண்டியது வைத்தியம் அன்று, உணவு. அவ்வுணவு எங்கே தடைப்படுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

எண்ணெய் செல்லும் வழி

நார்வே நாட்டில் 1877இல் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், 1909ஆம் ஆண்டில் படகின் பின்புறம் மாட்டிக் கழற்றக்கூடிய எஞ்சினை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. 1980களில் குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் பரவிய ஜப்பானிய எஞ்சின்கள் அதனினும் பன்மடங்கு செம்மையானவை. எனினும் காற்றும் எரிபொருளும் உரிய அளவில் கலந்து, உரிய நேரத்தில் மின்பொறி விழவேண்டும் என்னும் அடிப்படையில் மாற்றம் இல்லை.

தோட்டத்தின் கடைசி வாழைக்குத் தண்ணீர் வரவில்லையெனில், அறிவுள்ள உழவர் வாழையைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை; கிணற்றிலிருந்து தொடங்கி வாய்க்கால் நெடுக நடந்து பார்ப்பார். நாமும் அவ்வாறே செய்யவேண்டும். எண்ணெய் செல்லும் வழி இது: டேங்கு, டேங்கின் மூடியிலுள்ள காற்றுத்துளை, உள்ளே உறிஞ்சு குழலின் சல்லடை, ரப்பர்க் குழாய், அதன் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை, எஞ்சினில் மாட்டும் இணைப்பு, வடிகட்டி, சவ்வினால் இயங்கும் எண்ணெய்ப் பம்பு, கார்புரேட்டர். அதற்கப்பால்தான் எஞ்சினின் உட்புறம்.

முதற்சோதனை பிளக்கில் தொடங்குகிறது. கயிற்றைப் பத்து முறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது. கோளாறு மின்பொறியில் இருக்கலாம், அல்லது எண்ணெய் அளவுக்கு மீறி வருகிறது, அல்லது வருவது கெட்ட எண்ணெய். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலைக் குறைக்கும். ஆனால் பிளக்கில் பொறி விழுகிறதா என்று பார்க்கும்போது சுற்றிலும் எண்ணெய் சிந்தியிருத்தல் ஆகாது. பலர் கையைச் சுட்டுக்கொள்வது இவ்விடத்தில்தான்.

காற்றுத்துளை

டேங்கிலிருந்து எண்ணெய் வெளியேற வேண்டுமாயின் அதே அளவு காற்று உள்ளே புகவேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு சிறு துளையோ திருகோ வைத்திருக்கின்றனர். அது அடைபட்டிருந்தால் எஞ்சின் சில நிமிடங்கள் ஓடும். டேங்கினுள் வெற்றிடம் உண்டாக உண்டாக எண்ணெய் வரத்துக் குறையும். இறுதியில் எஞ்சின் நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் எங்கோ ஓர் இடுக்கின் வழியே காற்று புகுந்து, எஞ்சின் மீண்டும் எழும். டேங்கு நிரம்ப எண்ணெய் இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவாதலால், இக்கோளாறு இன்னும் விரைவில் தலைகாட்டும். எஞ்சின் சோரும்போது மூடியைத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் குற்றவாளி அகப்பட்டான்.

ரப்பர் உருண்டை சொல்லும் செய்தி

குழாயின் நடுவிலுள்ள உருண்டையை அமுக்கினால் சில அமுக்கில் அது கெட்டியாக வேண்டும். எத்தனை முறை அமுக்கியும் கெட்டியாகவில்லையெனில், எங்கோ இணைப்பில் காற்று புகுகிறது. அல்லது உருண்டையின் உள்ளிருக்கும் வால்வு பழுது. அல்லது கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது. உருண்டையின்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தலைகீழாய் மாட்டிவிட்டு நாள் முழுதும் தேடியவர்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது உருண்டை சப்பையாய்ச் சுருங்கினால், தடை அதற்கு முன்னே, டேங்குப் பக்கம் இருக்கிறது. உருண்டையை விடாது அமுக்கிக்கொண்டிருந்தால் மட்டுமே எஞ்சின் ஓடுகிறதெனில், எண்ணெய்ப் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று புகலாம்.

பழைய குழாய்கள் வஞ்சகமானவை. வெளியே வழவழப்பாயிருக்கும், உள்ளேயுள்ள ரப்பர் ஊறிப் பருத்து வழியை அடைத்திருக்கும். முப்பதாண்டுக் குழாயைச் சோதித்துக் காலம் கழிப்பதைவிட, மாற்றிவிடுவதே சிக்கனம். எஞ்சினோடு இணையும் இடத்திலுள்ள சிறு ரப்பர் வளையத்தையும் உடன் மாற்றுங்கள்.

எண்ணெயே பகையாகும்போது

நாட்பட்ட பெட்ரோல் ஆவியாகி, பிசின்போன்ற கசடாய் மாறி, நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். அதன் மணமே வார்னிஷ் மணம்போல் மாறியிருக்கும். அத்தகைய எண்ணெயை இரக்கமின்றி அகற்றுக.

நம் தந்தையர் காலத்தில் இல்லாத மற்றொரு சங்கடம் இக்காலத்தில் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் என்னும் சாராயப்பொருள் கலக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டை எட்டிய இக்கலப்பு, 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டியது. 1980களின் எஞ்சின்களில் உள்ள ரப்பர்ச் சவ்வுகளும் குழாய்களும் இத்தகைய பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி இளகும். மேலும் எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். கடற்காற்றின் ஈரமும் டேங்கில் சிந்தும் நீரும் அளவு மீறினால், எத்தனாலும் நீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழல் முதலில் இழுப்பது அந்த அடித்தட்டைத்தான். அதில் எஞ்சினுக்கு வழவழப்பூட்டும் ஆயிலும் இராது.

ஆகவே வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். ஐயம் எழுந்தால் டேங்கின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் வடித்து, அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் நீர்முத்துகளோ தனித் தட்டோ தெரிந்தால் அந்த எண்ணெய் உதவாது. புதிய குழாய் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆயில் கலப்பதிலும் கருத்து வேண்டும். இவ்வகை இரண்டடி எஞ்சினுக்குத் தனியே ஆயில் தொட்டி இல்லாததால், எரிபொருளோடு கலந்த ஆயிலே அதன் உயிர். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி; 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது உரியது என்பதை எஞ்சினின் கையேட்டிலோ தகட்டிலோ பார்த்து, அளவுக் குவளையால் அளந்து ஊற்றுக. கண்ணளவு வேண்டாம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் தேயும். மிகுந்தால் பிளக் கரி பிடிக்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஒரு தனிக் குறிப்பு

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதற்குச் சூடு வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் தொடங்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிறோம். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்பவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மறந்தால் கார்புரேட்டர் நிறைய மண்ணெண்ணெய் தங்கும். குளிர்ந்த எஞ்சின் மறுநாள் எழாது. அப்போது கயிற்றை இழுத்துத் தோளை வருத்தாமல், கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி மண்ணெண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, பிளக்கைத் துடைத்து, பெட்ரோலை நிரப்பித் தொடங்குங்கள். இரு எண்ணெயையும் மாற்றும் குழாய்த் திருகு தேய்ந்து ஒழுகினாலும், மண்ணெண்ணெய் பெட்ரோலோடு கலந்து இதே தொல்லையைத் தரும். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட எஞ்சினில் சிக்கனம் கருதி மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அதன் அழுத்தம் மண்ணெண்ணெய்க்கு மிகுதி. உள்ளே தட்டல் உண்டாகி எஞ்சின் கெடும்.

கார்புரேட்டரைத் திறக்குமுன்

இதுவரை சொன்னவை யாவும் சரியாயிருந்தும் கோளாறு நீங்கவில்லையெனில் மட்டும் கார்புரேட்டரைத் தொடுங்கள். மெல்ல ஓடும்போது நன்றாயிருந்து, வேகம் கூட்டினால் அடங்கினால், பெரிய ஜெட்டில் கசடு இருக்கலாம். வேகத்தில் ஓடி, மெல்ல ஓட்டினால் நின்றால், சிறு வழி அடைபட்டிருக்கலாம். சோக்கை இழுத்து வைத்தால்தான் ஓடுகிறதெனில் எண்ணெய் போதவில்லை, அல்லது வேண்டாத காற்று புகுகிறது. எண்ணெய் வெளியே வழிந்தால் மிதவை ஓட்டையாகியிருக்கலாம், அல்லது ஊசி வால்வில் தூசி தங்கியிருக்கலாம்.

கழற்றும்போது மூன்று விதிகளை மறவற்க. முதலாவது, கலவைத் திருகை வெளியே எடுக்குமுன் அதை மெல்ல உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் காகிதத்தில் எழுதிக்கொள்க. திரும்ப மாட்டும்போது அதே அளவு திறக்கவேண்டும். இரண்டாவது, பித்தளை ஜெட்டின் துளையில் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். துளை இம்மி பெருத்தாலும் கலவை கெடும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றை ஊதினால் போதும். மூன்றாவது, ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஐந்தை ஒருங்கே மாற்றினால், குணப்படுத்தியது எது என்று தெரியாது; புதிதாய்க் கெடுத்தது எது என்றும் தெரியாது.

குடும்பத்தார் கவனிக்க

எண்ணெய் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது. ஆகவே இப்பகுதி தாய்மார்களுக்கும் உரியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுப்பு வரைக்கும் செல்லும். அதை வீட்டினுள் வைக்காதீர்கள். டேங்கை வள்ளத்திலிருந்து கரைக்கு இறக்கி, பீடியும் விளக்கும் அண்டாத வெளியிடத்தில் நிரப்புங்கள். அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். அதன் புகை மணமின்றியும் உயிர் குடிக்கும்.

குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி வைத்தல் கூடவே கூடாது. தாகத்தில் குழந்தை குடித்துவிடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து பெருங்கேடு விளைவிக்கும். உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். இதே காரணத்தால், குழாயை வாயில் வைத்து எண்ணெயை உறிஞ்சும் வழக்கத்தைப் பெரியவர்களும் கைவிடவேண்டும். சில ரூபாய்க்குக் கைப்பம்பு கிடைக்கிறது.

கரையில் ஓடியதை நம்பலாமா?

இனி அந்த இளைஞரின் எஞ்சினுக்கு வருவோம். பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்து, அவரைக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். விரலை உதறித் தள்ளும் அழுத்தம் இருந்தது. பிஸ்டன் போய்விட்டது என்னும் பேச்சு அத்துடன் முடிந்தது. பின்னர் எஞ்சினின் அடிப்பாகம் தண்ணீரில் மூழ்கும்படி ஒரு டிரம்மில் நிறுத்தி ஓட்டினோம். தண்ணீரின்றி ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கருகும்.

எஞ்சின் இனிமையாக ஓடியது. மூன்றாம் நிமிடத்தில் இளைஞர் முகம் மலர்ந்து, "சரியாயிட்டு சார்" என்றார். "பொறு தம்பி" என்றேன். பன்னிரண்டாம் நிமிடத்தில் அதே மூச்சுத் திணறல். டேங்கின் மூடியைத் தளர்த்தினேன். காற்று சீறிக்கொண்டு உள்ளே புகுந்தது. உருண்டையை நான்கு முறை அமுக்கியதும் எஞ்சின் தலைநிமிர்ந்தது. நான்கு ஆண்டுகளாய் உப்பும் தூசியும் சேர்ந்து மூடியின் துளையைக் கல்லாய் அடைத்திருந்தன. மூடியை வெந்நீரில் ஊறவைத்துத் துலக்கினோம். குழாயை அறுத்துப் பார்த்தபோது அதன் உட்புறமும் பாதி அடைபட்டிருந்தது, அதையும் மாற்றினோம். செலவு ஒரு குழாயின் விலை மட்டுமே.

அவர் செய்த பிழை எஞ்சினைத் துடைத்ததிலும் இல்லை, எண்ணெய் ஊற்றியதிலும் இல்லை. கரையில் இரண்டு நிமிடம் ஓடியதைக் கண்டு கடலை நம்பியதே பிழை. கார்புரேட்டர்க் கிண்ணத்திலும் குழாயிலும் தங்கியுள்ள எண்ணெயாலும், டேங்கில் மிச்சமிருக்கும் காற்றாலும், எந்தப் பழுதுள்ள எஞ்சினும் சிறிது நேரம் ஓடிக்காட்டும். ஆகவே நாட்பட்ட எஞ்சினை மூடியை இறுக மூடிய நிலையில், டிரம்மில் அரைமணி நேரமேனும் ஓட்டிப் பார்த்த பின்னரே வள்ளத்தில் ஏற்றுக. முதல் சில நாட்கள் மற்றொரு வள்ளத்தின் துணையோடு செல்க. எஞ்சின் எவ்வளவு புதிதாயினும் துடுப்பும், நங்கூரமும், கயிறும், உயிர்காப்பு அங்கியும் வள்ளத்தில் இருக்கட்டும். சுத்தமான பிளக் ஒன்றும், அதைக் கழற்றும் சாவியும், ஒரு முழம் குழாயும் ஒரு டப்பாவில் இருந்தால் பல இக்கட்டுகள் நீங்கும்.

வேலை முடிந்து எஞ்சினை நெடுநாள் வைக்க நேர்ந்தால், நன்னீரில் ஓட்டிக் கழுவி, எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிடுங்கள். மிச்சத்தை அடித் திருகின் வழியே வடியுங்கள். டேங்கைக் காலி செய்து உலர்த்தி, நேராக நிற்கும்படி மாட்டி வையுங்கள். இந்தக் கால்மணி நேர உழைப்பு அடுத்த பருவத்தின் நாட்களைக் காக்கும்.

சென்ற ஆவணியில் அந்தத் தாயை ஆலய முற்றத்தில் சந்தித்தேன். "எஞ்சின் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டேன்.

"ஓடுது வாத்தியாரே. ஆனா இப்பம் தெனமும் கடலுக்குப் போகுமுன்ன மூடிய என்கிட்ட கொண்டுவந்து காட்டிட்டுதான் போறான். வெளிச்சத்துல பிடிச்சு, துளை தெரியுதான்னு நான் பாத்தாதான் அவனுக்குத் திருப்தி" என்றார்.

நல்ல வழக்கம். உங்கள் இல்லத்திலும் அவ்வாறே செய்யுங்கள். அடுத்த திங்கள் கிணற்று மோட்டாரைப் பற்றிக் காண்போம்.